அருவிப்புறத்து அடிகள்

பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே மாநில எல்லை ஓடுகிறது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய தென் வட்டங்கள் தமிழகத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தோடு நின்றது. எல்லைக் கோடு தங்கள் வாசலைக் கடந்து போவதைப் பார்த்திருந்த தமிழ்க் குடும்பங்கள் அங்கே பல. எங்கள் குடும்பம் அவற்றுள் ஒன்று அன்று. என் தாத்தா திருநெல்வேலிச் சீமையில் நாங்குநேரிப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்து பாறசாலையில் பாத்திரக் கடை வைத்தவர். ஆகவே நாங்கள் அங்கே வந்தேறிகள். வீட்டில் தமிழும் தெருவில் மலையாளமும் பேசி வளர்ந்தேன். இப்போது இப்பல்கலைக் கழகத்தில் விலங்கியல் முதுகலை படிக்கிறேன். வயது இருபத்து மூன்று.

நம் மன்ற மலருக்கு ஒரு பெரியாரின் வரலாறு எழுதித் தர வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, நாராயண குருவை எழுதுகிறேன் என்று உடனே சொல்லிவிட்டேன். அதற்குக் காரணம் உண்டு. காரணத்தை மறைத்துவிட்டு வரலாற்றை மட்டும் எழுதுவது நேர்மையாகாது.

என் தம்பி பதினொரு வயதில் இறந்தான். ஆடி மழையில் வயல் நீரில் விளையாடியவன். காலில் ஒரு சிறு கீறல் இருந்தது. எலிக்காய்ச்சல் என்றார்கள். லெப்டோஸ்பைரா என்னும் சுருள் வடிவ நுண்ணுயிர் எலியின் சிறுநீர் வழியே நீரில் கலந்து, தோலின் வெடிப்பில் நுழைந்து, ஈரலையும் சிறுநீரகத்தையும் பற்றுகிறது. எப்படி என்பது எனக்குத் தெரியும். தேர்வில் அதை எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஏன் என்று கேட்டது ஆச்சி. துக்கம் கேட்க வந்தவர்களோ ஏன் என்பதற்கு விடையைக் கையோடு கொண்டு வந்திருந்தார்கள். முற்பிறப்பு வினை என்றார் ஒருவர். பெற்றவர்கள் செய்த பாவம் பிள்ளையின் தலையில் விடிந்தது என்றார் மற்றொருவர். கடவுள் தமக்கு வேண்டியவர்களை விரைவில் அழைத்துக் கொள்கிறார் என்றும் ஒருவர் சொன்னார். அம்மா எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள். அன்று முதல் எங்கள் வீட்டில் விளக்கேற்றுவது ஆச்சி ஒருத்திதான்.

அடுத்த சிவராத்திரியன்று ஆச்சி என்னை அருவிப்புறத்துக்கு அழைத்துப் போகச் சொன்னாள். பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரைக்கு ஒரு பேருந்து, அங்கிருந்து வேறொன்று. இத்தனை ஆண்டு அருகிலே இருந்தும் நாங்கள் போனதில்லை. போகும் வழியில் அந்தச் சாமி யார் என்று கேட்டாள். நான் சொன்ன கதைதான் இக்கட்டுரை. அன்று பேருந்து இரைச்சலில் சொல்ல முடியாமற் போனவற்றைப் பின்பு படித்துச் சேர்த்திருக்கிறேன்.

நாராயண குரு திருவனந்தபுரத்துக்கு வடக்கே செம்பழந்தி என்னும் சிற்றூரில் 1856-ஆம் ஆண்டை ஒட்டிப் பிறந்தவர். தந்தை மாடன் ஆசான், ஊர்ப்பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர். தாய் குட்டியம்மை. தாய்மாமன் கிருஷ்ணன் வைத்தியர், வடமொழியும் மருத்துவமும் அறிந்தவர். ஈழவக் குடும்பம் அது. அக்காலத் திருவிதாங்கூரை நினைத்துப் பார்க்க வேண்டும். மனிதரை விலைக்கு விற்கும் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல். தாழ்த்தப்பட்ட பெண்கள் மார்பை மூடிக் கொண்டதற்காக நெய்யாற்றின்கரை முதல் தென்பகுதி வரை அடிதடியும் தீவைப்பும் நடந்தன. 1859-இல்தான் அரசு இறங்கி வந்து ஓர் அறிக்கை விட்டது. இவ்விரண்டு ஆண்டுகளுக்கும் இடையில் பிறந்த குழந்தை நாணு. ஈழவர் கோயிலுக்குள் போக முடியாது. கோயிலைச் சுற்றிய தெருவிலும் பல இடங்களில் நடக்க முடியாது. அவர்களுக்கும் கீழே என்று வைக்கப்பட்ட புலையர், பறையர் நிலை இன்னும் கொடிது. ஈழவரும் அவர்களிடம் தீட்டுப் பார்த்தனர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நாணுவின் இளமையைப் பற்றிச் சொல்லப்படும் நிகழ்ச்சிகளுள் ஒன்று என்னை உலுக்கியது. அவனுக்கு ஆறு வயது அளவில் உறவினர் ஒருவர் வீட்டில் இறந்தார். எல்லாரும் மார்பில் அடித்துக் கொண்டு அழுதனர். சில நாள் கழித்து எல்லாரும் வழக்கம்போல் உண்டு, பேசிச் சிரித்திருந்தனர். சிறுவனைக் காணவில்லை. தேடிப் போனவர்கள் அவனைக் காட்டுக்குள் தனியே கண்டார்கள். அன்று அப்படி அழுதவர்கள் இன்று எப்படிச் சிரிக்க முடிந்தது என்பதே அவன் கேள்வியாக இருந்தது என்பர். கபிலவத்துவில் ஓர் அரசிளங்குமரன் கேட்ட கேள்விக்கு இது தொலைவில் இல்லை. தம்பி போன பதினாறாம் நாள் எங்கள் வீட்டிலும் ஒருவர் ஏதோ சொல்ல, எல்லாரும் சிரித்துவிட்டோம். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

நாணு படிப்பில் வல்லவனானான். காயங்குளத்துக்கு அருகே இராமன்பிள்ளை ஆசானிடம் வடமொழிக் காவியமும் இலக்கணமும் கற்றான். ஊர் திரும்பிச் சில காலம் பிள்ளைகளுக்குக் கற்பித்ததால் நாணு ஆசான் என்று பெயர் வந்தது. வீட்டார் மணம் செய்து வைத்தனர்; அது நிலைக்கவில்லை. பிறகு அவர் வீட்டில் தங்கியதே இல்லை எனலாம்.

இங்கே தமிழர்களாகிய நாம் அறிய வேண்டியது ஒன்று உண்டு. குஞ்ஞன்பிள்ளை என்னும் சட்டம்பி சுவாமிகள் அவருக்கு நண்பரானார். இருவருக்கும் யோக நெறி காட்டியவர் தைக்காடு அய்யாவு சுவாமிகள், தமிழர். திருவனந்தபுரத்து ஆங்கில ரெசிடென்டின் மாளிகையில் மேலாளராக இருந்தவர். திருக்குறளும் தாயுமானவரும் திருமுறைகளும் நாணுவுக்கு நெருக்கமாயின. பிற்காலத்தில் அவர் தமிழிலே தேவாரப் பதிகங்கள் பாடினார். குறளின் ஒரு பகுதியை மலையாளத்தில் பெயர்த்தார். கன்னியாகுமரிக்கு அருகே மருந்துவாழ்மலையில் பிள்ளைத்தடம் என்னும் குகையில் தனியே தவம் இருந்தார். மீனவர் குடிசையிலும் முஸ்லிம்களின் வீட்டிலும் கொடுத்ததை உண்டு, கடற்கரை நெடுக நடந்தார். மலையாளிகள் அவரைத் தம்மவர் என்பர், நியாயமே. ஆனால் அவருடைய கடவுளுக்கு நம் ஊர்த் திருநீற்றின் மணம் உண்டு என்பது என் எண்ணம்.

அலைந்து திரிந்தவர் நெய்யாற்றின் கரையில் அருவிப்புறத்துக்கு வந்து சேர்ந்தார். அகத்தியமலையில் பிறந்து பூவாற்றில் கடலைச் சேரும் நெய்யாறு அவ்விடத்தில் பாறைகளின் மேல் விழுந்து ஓடுகிறது. எதிரே கொடிதூக்கி மலை. காடாகக் கிடந்த இடம். செய்தி பரவி மக்கள் வரத் தொடங்கினர். யார் வந்தார்கள்? நோயாளிகள், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், பேய் பிடித்ததாக அஞ்சியவர்கள். வைத்தியரின் மருமகனாகையால் பச்சிலை சொன்னார். வந்தவர்களின் கடவுள் எப்படிப்பட்டவர் என்பதையும் கண்டார். மாடன், சாத்தன் என்று அவர்கள் தொழுத தெய்வங்கள் ஆடும் கோழியும் கள்ளும் கேட்டன; கொடாவிட்டால் அம்மையும் வாந்திபேதியும் தரும் என்று நம்பினர். உயர்ந்த கோயிலில் இருந்த கடவுளுக்கோ அவர்கள் முகத்தைக் காட்டவும் கூடாது. துன்பத்தைத் தருகிற கடவுள் ஒருவர். துன்பத்தைக் கேட்க மறுக்கிற கடவுள் ஒருவர். இரண்டும் அல்லாத ஒன்றை அவர்களுக்கு எப்படிக் காட்டுவது?

1888-ஆம் ஆண்டு சிவராத்திரி. கூட்டம் பாறைமேலும் கரையிலும் கூடியிருந்தது. கோயில் என்று ஒன்றும் இல்லை. ஒரு பாறையே பீடம். மேலே மாவிலையும் குருத்தோலையும் கட்டிய பந்தல். நள்ளிரவு கடந்தபின் குரு ஆற்றில் சங்கரன்குழி என்னும் ஆழமான கயத்தில் மூழ்கினார். வெளியே வந்தபோது கையில் ஒரு கல். உளி பட்டதன்று, ஆறு உருட்டிய கல். அதை மார்போடு அணைத்தபடி நெடுநேரம் நின்றார் என்றும் கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது என்றும் சொல்வர். சுற்றி நின்றவர்கள் சிவநாமத்தை ஓதிக் கொண்டிருந்தனர். விடியலுக்கு முன் கல்லைப் பாறைமேல் வைத்தார். அவ்வளவுதான். தெய்வத்தை நிறுவும் உரிமை பிராமணருக்கே என்றிருந்த நாட்டில் அது பெரிய குற்றம். எந்த உரிமையில் செய்தீர் என்று வினவப்பட்டபோது, தாம் நிறுவியது ஈழவச் சிவனைத்தான் என்று அமைதியாக விடை சொன்னார். சண்டைக்கு வந்தவர்களுக்குச் சண்டை கிடைக்கவில்லை. சாதி வேற்றுமையும் மதப் பகையும் இல்லாமல் எல்லாரும் உடன்பிறப்பாய் வாழும் முன்மாதிரி இடம் இது என்னும் பொருள்பட அங்கே அவர் எழுதி வைக்கச் செய்தார். இன்றும் அது அங்கே இருக்கிறது. ஆச்சிக்கு நான் படித்துக் காட்டினேன்.

நண்பர்களே, துன்பத்துக்கும் கடவுளுக்கும் என்ன பொருத்தம் என்பதை மெய்யியல் வகுப்பில் ஒரு புதிராகப் படிக்கிறார்கள். கடவுள் நல்லவர், வல்லவர். ஆயினும் துன்பம் உண்டு. இம்மூன்றும் எப்படிப் பொருந்தும் என்பது புதிர். திருவிதாங்கூரில் அது புதிராகவே இருக்கவில்லை. விடை ஆயத்தமாக இருந்தது: ஊழ், கன்மம். புலையன் சேற்றில் கிடப்பது அவன் முற்பிறப்பில் செய்தது. ஈழவன் தெருவில் ஒதுங்குவதும் அப்படியே. எல்லாத் துன்பத்துக்கும் காரணம் தெரிந்துவிட்டதால் எந்தத் துன்பத்தையும் தீர்க்க வேண்டியதில்லை. நல்ல விளக்கம் சில வேளை கொடிய கருவியாகிறது. குருவின் நூல்களையும் செயல்களையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இது: வேதாந்தம் முழுதும் கற்ற அவர், எதிரே அழுதுகொண்டு நிற்பவனிடம் அவ்விளக்கத்தை எடுத்து நீட்டவில்லை.

சாதியைப் பற்றி அவர் எழுதிய சிறு பாடல்கள் என் துறைக்கு உறவானவை. தம்முள் கூடி இனம் பெருக்கும் உயிர்கள் எல்லாம் ஓரினம். அப்படிக் கூடாதவை வேறினம். மாட்டுக்கு மாட்டுத் தன்மை போல் மனிதனுக்கு மனிதத் தன்மையே சாதி என்பது அவர் வாதம். எர்ன்ஸ்ட் மேயர் 1942-இல் உயிரினம் என்பதற்கு வகுத்த இலக்கணத்தை வகுப்பில் படித்தபோது நான் திடுக்கிட்டேன். அதற்குப் பதினான்கு ஆண்டுகள் முன்பே குரு மறைந்துவிட்டார். அவர் ஆய்வுக்கூடத்தில் நின்றவர் அல்லர். ஆனாலும் வினையின் பயன் என்று சொல்லப்பட்ட பெருந்துன்பம் ஒன்றை, மனிதன் செய்த பிழையான வகைப்பாடு என்று கண்டுகொண்டார்.

ஆய்வுக்கூடம் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. தென்னையைக் கெடுக்கும் கருந்தலைப் புழுவை அழிக்கக் கோனியோசஸ் என்னும் சிறு குளவியை வளர்க்கிறோம். அது புழுவைக் கொட்டி அசைவறச் செய்து, அதன்மேல் முட்டையிட்டு, குஞ்சுகள் அதை உறிஞ்சித் தீர்க்கும் வரை காவல் நிற்கும் அன்பான தாய். இத்தகைய குளவிகளை எண்ணித்தான் டார்வின், அருள் மிக்க ஒருவர் இவற்றை வேண்டுமென்றே படைத்திருப்பாரா என்று 1860-இல் நண்பருக்கு எழுதினார். அவருடைய மகள் ஆனி பத்து வயதில் 1851-இல் இறந்திருந்தாள். எனக்கும் அந்தக் கேள்விக்கு விடை கிடைத்தபாடில்லை.

குருவைச் சுற்றி இருந்தவர்களும் துன்பம் அறிந்தவர்களே. டாக்டர் பல்ப்பு சென்னையில் மருத்துவம் படித்துத் தேறியும், ஈழவர் என்பதால் சொந்த நாட்டில் வேலை மறுக்கப்பட்டார். மைசூர் அரசில் சேர்ந்து, 1890-களின் இறுதியில் பெங்களூரில் பிளேக் நோயாளிகளிடையே உழைத்தார். 1903-இல் தோன்றிய ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகத்துக்கு அவர் பெருந்தூண். அதன் செயலாளரான கவிஞர் குமாரன் ஆசான் குருவின் மகன் போன்றவர். 1924 சனவரி 16-ஆம் நாள் பல்லனை ஆற்றில் படகு கவிழ்ந்து ஆசான் மாண்டார், வயது ஐம்பது. அடுத்த ஏழாம் வாரம் ஆலுவாயில் குரு கூட்டியிருந்த சர்வ சமய மாநாடு நடந்தது. வாதிட்டு வெல்வதற்கன்று, அறியவும் அறிவிக்கவுமே இக்கூட்டம் என்று வாயிலில் எழுதி வைத்திருந்தனர். மகனை ஒத்தவரை ஆற்றுக்குக் கொடுத்தவர் சமயங்களின் பேச்சை எந்த மனத்தோடு கேட்டிருந்தாரோ!

அவருடைய பாடல்களுள் அனுகம்பா தசகம் பத்தே பாடல்கள் கொண்டது. எறும்புக்கும் நோவு செய்யாத அருளைத் தமக்குத் தர வேண்டும் என்று தொடங்குகிறார். கடவுளிடம் தம் துன்பத்தைத் தீர்க்கக் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். தம்மால் பிறர்க்கு வரும் துன்பத்தைத் தடுக்கக் கேட்கிறார். அருள், அன்பு, அனுகம்பை மூன்றும் ஒரே பொருள் என்கிறார். அன்பு இல்லாத உடம்பு எலும்பும் தோலும் என்று வள்ளுவர் வழியில் பேசுகிறார். பிறகு அருளின் உருவங்களாகக் கண்ணன், புத்தர், ஏசு, நபி என்று வரிசைப்படுத்தும்போது, திருநீற்றால் பாண்டியனின் சுரம் தீர்த்த சம்பந்தரும், சூலை நோயால் துடித்துப் பாடிய அப்பரும் வருகிறார்கள். நோயைத் தீர்த்தவர் ஒருவர், நோயைப் பட்டவர் ஒருவர்! இருவரையும் அருளின் உருவம் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்தார் குரு. அப்பர் ஏன் நோயுற்றார் என்று அங்கே ஆராயவில்லை.

பின்னாளில் கோயில் போதும், பள்ளிக்கூடம் கட்டுங்கள் என்றார். கள் இறக்குவதும் விற்பதும் குடிப்பதும் வேண்டாம் என்று, கள் இறக்கிப் பிழைத்தவர் பலர் இருந்த தம் இனத்தாரிடமே சொன்னார். ஆசிரமத்தில் புலையர், பறையர் பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்தார்; ஈழவரில் சிலருக்கு அது கசந்தது. ஓரிடத்தில் தெய்வ உருவத்துக்குப் பதில் விளக்கை வைத்தார். 1927-இல் களவங்கோட்டில் கண்ணாடியை வைத்தார். தொழ வந்தவன் தன் முகத்தைத்தான் காண்பான்.

1922-இல் தாகூரும் 1925-இல் காந்தியடிகளும் சிவகிரிக்கு வந்து அவரைக் கண்டனர். மரத்தின் இலைகள் ஒன்று போல் இல்லாததைக் காட்டி மனித வேற்றுமை இயற்கையே என்று காந்தி பேச, இலைகளைப் பிழிந்தால் சாறு ஒன்றே என்று குரு விடையிறுத்தார் என்பர். குரு மறைந்தபின் அந்த விருந்தினர் இருவருக்குள்ளும் ஒரு வழக்கு நடந்தது. 1934 சனவரி 15-இல் பீகார் நிலநடுக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர். ஒன்பது நாள் கழித்து, எங்கள் திருநெல்வேலியில் பேசிய காந்தி, அது தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை என்றார். தீண்டாமையை அவரைப் போலவே வெறுத்த தாகூர், இயற்கை நிகழ்ச்சியை அறத்தோடு முடிச்சுப் போடாதீர் என்று மறுத்தார். நான் தாகூர் பக்கம். இடிந்த வீட்டில் நசுங்கிய குழந்தை எவரைத் தீண்ட மறுத்தது?

கதை இந்த இடத்துக்கு வந்தபோது நாங்கள் அருவிப்புறத்தில் ஆற்றங்கரைப் பாறையில் உட்கார்ந்திருந்தோம். ஆச்சி எழுந்து போய்க் கல்லைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். பையன் ஏன் செத்தான் என்று இந்தச் சாமி எங்கேயாவது சொல்லியிருக்கிறாரா என்று கேட்டாள். இல்லை என்றேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, நான் கேளாத ஒன்றைச் சொன்னாள். மணமாகி வந்த புதிதில் நாங்குநேரிப் பக்கத்து வீட்டுக்குப் பதநீர் கொண்டுவரும் பனையேறி ஒருவன் இருந்தானாம். அவனுக்குத் தண்ணீர் ஊற்றக் கூரையில் ஒரு சிரட்டை செருகியிருக்குமாம். ஒரு கோடையில் அவன் பிள்ளை பேதியில் இறந்தது. மூன்றாம் நாள் பதநீரோடு வந்தவன் வாசலில் நின்று அழுதான். ஆச்சி சிரட்டையில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, எல்லாம் நீ போன பிறப்பில் செய்தது, அழாதே என்று தேற்றினாளாம். அவனும் தலையாட்டிவிட்டுப் போனானாம். அவன் பெயரைச் சொல்லிவிட்டு, ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னேன் என்றாள்.

எனக்குப் பேச ஒன்றும் இல்லை. மீதிக் கதையைச் சொன்னேன்.

1928 சனவரியில் கோட்டயத்தில், சிவகிரிக்கு யாத்திரை வர இசைவு கேட்டவர்களிடம், வருகிறவர்களுக்குக் கல்வி, தூய்மை, உழவு, வாணிகம், கைத்தொழில், தொழில்நுட்பம் முதலிய எட்டையும் அறிஞரைக் கொண்டு சொல்லித்தர வேண்டும் என்றார். அவ்வாண்டே நோயில் விழுந்தார். சிறுநீர் அடைப்பு, பொறுக்க முடியாத வலி. பாலக்காட்டிலும் சென்னையிலும் மருத்துவம் பார்த்தனர். பல மாதம் அப்படிக் கழிந்தது. எத்தனையோ பேரின் நோய்க்கு இலை பறித்துக் கொடுத்தவர் மருத்துவர் கையில் தம் உடம்பை ஒப்புவித்துக் கிடந்தார். செப்டம்பர் 20-ஆம் நாள் சிவகிரியில், யோகவாசிட்டம் படிக்கக் கேட்டபடி உயிர் நீத்தார் என்பர். திருவிதாங்கூர்க் கோயில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறந்தது 1936 நவம்பர் 12-இல். அதை அவர் காணவில்லை.

சாமிக்கும் வலித்ததா என்று ஆச்சி கேட்டாள். வலித்தது என்றேன். அதை அவள் மறுபடியும் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டாள். ஆற்றில் சில சிறுவர் பாறைக்குப் பாறை தாவிக் கொண்டிருந்தனர். காலில் காயம் இருந்தால் தண்ணீரில் இறங்காதீர்கள் என்று அவர்களைத் தன் அரைகுறை மலையாளத்தில் அதட்டினாள். அவர்கள் சிரித்தார்கள். ஒருவனைக் கிட்டே அழைத்து, குதிகாலைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, பூசைக்கென்று கொண்டு வந்திருந்த வாழைப்பழச் சீப்பை அவன் கையில் கொடுத்தாள். கடைசிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது.